சிஸ்டர் சொல்லும் வரை

மாற்றல் உத்தரவைக் கையில் வாங்கிய அன்றிலிருந்தே அவளுக்குத் தூக்கம் சரியில்லை. எட்டு வருடம் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் காலம் தள்ளியவளைத் தலைமை நர்ஸ் ஆக்கி, அதே பழைய ஆஸ்பத்திரிக்கு, அதே பெண்கள் எலும்பு வார்டுக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். பதவி உயர்வு என்று எல்லோரும் கை குலுக்கினார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தபோது ஒன்றும் மாறியிருக்கவில்லை. நீளமான கூடம், இரண்டு பக்கமும் ஆறு ஆறு கட்டில்கள், மாவுக்கட்டின் ஈர வாசனை, பினாயில். ஜன்னல்களுக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். கடைசிக்கு முந்தைய கட்டிலின் பக்கத்தில் மட்டும் அந்தப் பழைய மர நாற்காலி, முதுகு நேராக, கட்டிலைப் பார்த்தபடி நின்றது.

அதை அவள் உடனே கண்டுகொண்டாள். கண்டுகொள்ளாதவள் போல நடந்தாள்.

வார்டு ஆயாவுக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். வாய் மூடாது; அணைப்பதற்குப் பொத்தானும் கிடையாது. புதுத் தலைமை நர்ஸைக் கண்டதும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“உங்களப் பத்தி நெறைய கேள்விப்பட்டிருக்கேன் சிஸ்டர். சாப்பாட்டுத் தட்டு கண்ணு முன்னால வந்தாத்தான் இன்சுலின் போட விடுவீங்களாமே.”

“ஆமா.”

“நல்லதுதான். ஆனா பதினொண்ணாம் கட்டில்ல ஒண்ணும் நடக்காது. அந்தக் கட்டிலுக்குப் போற தட்டு மட்டும் ஆறிப்போய்த்தான் திரும்பி வரும். யாரப் படுக்க வெச்சாலும் சாப்பாட்ட முன்னால வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பாங்க. அப்புறம் நாமதான் சூடு பண்ணிக் குடுத்து, கெஞ்சி, ஊட்டணும்.”

“அந்த நாற்காலி எதுக்கு?”

“அதுவா? வேற எடத்துல போட்டா உக்கார்றவங்களுக்குப் பிடிக்கல. குளிருதுங்கறாங்க. அங்கயே கெடக்கட்டும்னு விட்டாச்சு.”

ரேடியோ அடுத்த கதைக்குத் தாவிவிட்டாள். தலைமை நர்ஸ் மருந்து அலமாரியைத் திறந்து இன்சுலின் குப்பிகளை எண்ணத் தொடங்கினாள்.

அந்தக் கட்டிலில் எட்டு வருடத்துக்கு முன் ஒரு தையல்காரம்மா இருந்தாள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, தெருமுனையில் ஒரு தையல் கடை. இடுப்பெலும்பு முறிந்து வந்தவள். சர்க்கரை வேறு. சொன்ன சொல் தட்டாதவள். இடது பக்கம் திரும்பச் சொன்னால், போதும் என்று சொல்லும்வரை இடது பக்கமே கிடப்பாள்.

எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை, திங்கட்கிழமை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை தொண்டைக்குக் கீழே தங்கிப் புண்ணாக்கிவிடும். அதுவரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. இன்சுலினோ நேர் எதிர். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தரைமட்டமாகிவிடும். இரண்டும் சேர்ந்து வரும் நாளில் எது முன்னால், எது பின்னால் என்று பார்த்துச் செய்வதுதான் நர்ஸின் வேலை.

அன்று, அப்போது இதே வார்டில் சாதாரண நர்ஸாக இருந்த அவளுக்கு, நைட் ஷிஃப்டின் கடைசி நேரம். விடிகாலையில் இரண்டு விபத்துக் கேஸ்கள் வந்து எல்லாம் தாமதம். ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை, தையல்காரம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஆறு நாற்பதுக்குக் கொடுத்தாள். கையோடு இன்சுலினையும் போட்டுவிட்டாள், ஏழு மணிக்குள் வேலை முடியட்டும் என்று.

“நான் வந்து சொல்ற வரைக்கும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது. சரியா?”

“சரி சிஸ்டர்,” என்றாள் தையல்காரம்மா.

பிறகு நர்ஸ் மேஜைக்குப் போய் கேஸ் ஷீட்டை எழுதினாள். கடிகாரத்தில் ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவள் எழுதியது ஏழு பத்துக்கானது: ‘அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காலை உணவு முழுவதும் சாப்பிட்டார். தொந்தரவு இல்லை.’ எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நடக்கப்போவதைத்தானே எழுதுகிறோம், இதில் என்ன என்பார்கள். எழுதிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தாள். பதினொன்றாம் கட்டிலுக்குப் போய்ச் சொல்ல மறந்துபோனாள்.

தட்டு வந்தது. தையல்காரம்மா தொடவில்லை. எட்டு மணிக்குச் சமையலறை ஆள் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனான். சாப்பிட்டாயிற்று என்று ஷீட்டில் எழுதியிருந்ததால் பகல் ஷிஃப்ட் சிஸ்டரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒன்பது மணிக்குத்தான் பார்த்தார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த வாக்கிலேயே உயிர் போயிருந்தது.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். இரண்டு மணி நேரம் நோயாளியைத் திரும்பிப் பார்க்காததற்காகப் பகல் ஷிஃப்ட் சிஸ்டருக்கு வேலை போனது. மாரடைப்பு இல்லை என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பாவத்துக்கு ஈடாகத்தான் பிறகு போன இடமெல்லாம் கறாராக இருந்தாள். தட்டு வந்த பிறகுதான் ஊசி. அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மேலதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் அவள் ஏதாவது வேலையைச் சாக்கிட்டு நகர்ந்துவிடுவாள்.

திரும்பி வந்த முதல் வாரம் பதினொன்றாம் கட்டில் காலியாக இருந்தது. இருந்தாலும் காலையில் அந்தப் பக்கம் போனால் ஒரு வாசனை வரும். மாவுக்கட்டும் இல்லை, மருந்தும் இல்லை. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய், கூடவே கஞ்சி போட்ட புதுத் துணி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கட்டிலுக்கு ஆள் வந்தது. தபால்காரர் ஒருவரின் மனைவி, ஐம்பத்தைந்து வயது. ஆஸ்துமாவுக்காக வருடக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு எலும்பைக் கரைத்து, சர்க்கரையையும் ஏற்றிவிட்டிருந்தது. குனிந்து வாளியைத் தூக்கியதில் முதுகெலும்பில் விரிசல். வலியிலும் வாய் ஓயாத கலகலப்பான மனுஷி. “ஊரு பூரா லெட்டர் குடுக்கிறாரு, எனக்கு ஒண்ணு எழுதினதில்ல” என்று கணவரை வாரினாள். அவர் காது கேளாதவர் போலக் குடையை மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை.

தலைமை நர்ஸ் ஒன்றையும் விதியின் கையில் விடவில்லை. மாத்திரையை ஆறு மணிக்கே கொடுக்க வைத்தாள். ஏழு மணிக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் பாலும் தட்டில் வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சின்ன சிஸ்டரை ஊசி போடச் சொன்னாள். “சாப்பிடுங்கம்மா” என்று தானே சொல்லிவிட்டு, மூன்றாம் கட்டிலில் ரத்தப்போக்கு என்று கூப்பிட்டதும் ஓடினாள்.

திரும்பி வரும்போது மணி ஏழு ஐம்பது.

தபால்காரர் மனைவி கட்டிலின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். முகம் வெளுத்து, நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

தட்டு அப்படியே இருந்தது. பாலில் ஆடை கட்டியிருந்தது.

மெஷின் எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது.

“ஏம்மா சாப்பிடல?”

“சிஸ்டர்... இன்னும் சொல்லலையே.”

“நான் சொன்னேனே. வாயத் தொறங்க.”

அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாக, நாக்கு குழற, நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். “இந்த அம்மாதான் சொன்னாங்க. சிஸ்டர் வந்து சொல்ற வரைக்கும் தொடக் கூடாதாம். அவங்களும் சாப்பிடாமதான் உக்காந்திருக்காங்க.”

நாற்காலியில் யாரும் இல்லை.

சின்ன சிஸ்டர் விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நாற்பத்தொன்று. அவள் குளுக்கோஸ் ஊசியோடு மணிக்கட்டைத் தட்டினாள், முழங்கையைத் தட்டினாள். நரம்பு அகப்படவில்லை. தலைமை நர்ஸ் சர்க்கரைக் கரைசலை உதட்டில் வைத்தாள். பற்கள் கிட்டித்திருந்தன. கரைசல் தாடையில் வழிந்து கழுத்துக்குப் போனது.

“நான்தாம்மா சிஸ்டர். நான்தான் சொல்றேன். குடிங்க.”

கண்கள் செருகத் தொடங்கின. உதடு மட்டும் அசைந்தது.

“எங்கிட்ட இல்லையாம்... அவங்ககிட்ட சொல்லணுமாம்.”

தலைமை நர்ஸ் நாற்காலியின் பக்கம் திரும்பினாள். எட்டு வருடமாகத் திரும்பாத பக்கம் அது. இருக்கையின் பிரம்புப் பின்னல் மெல்லக் கீழே தாழ்ந்திருந்தது, ஓர் ஆள் உட்கார்ந்தால் தாழ்வதைப் போல.

அவள் குனிந்தாள்.

“அரை மணி ஆயிடுச்சும்மா. மன்னிச்சிடுங்க, நான் வர மறந்துட்டேன். நீங்க சாப்பிடலாம். படுத்துக்கலாம்.”

பின்னல் மெதுவாக மேலே எழும்பியது.

காதோரம், மிக அருகில், பணிவான ஒரு குரல்:

“சரி சிஸ்டர். மாத்தி எழுதிடுங்க.”

கட்டிலில் இருந்தவளின் தாடை தளர்ந்தது. சர்க்கரைக் கரைசல் மடக் மடக்கென்று உள்ளே இறங்கியது. அதே சமயம் சின்ன சிஸ்டருக்கு நரம்பும் கிடைத்தது. பத்து நிமிடத்தில் தபால்காரர் மனைவி கண்ணை விழித்து, முட்டை ஏன் இப்படிக் கல் மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். தலைமை நர்ஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

“யார்கிட்ட சிஸ்டர் பேசுனீங்க?” என்று கேட்டாள் ரேடியோ. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் தணிந்திருந்தது.

“யார்கிட்டயும் இல்ல.”

டாக்டர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். கேஸ் ஷீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தாள். பழைய ஷீட்டுகள் கீழே ரெக்கார்டு அறையில் கட்டுக் கட்டாக இருக்கும். ஒரு மனு எழுதினால் போதும், தையல்காரம்மாவின் ஷீட்டை எடுத்துத் தருவார்கள், மாற்றி எழுதிவிடலாம். வேலை போன சிஸ்டர் இப்போது எங்கேயோ மருந்துக்கடையில் நிற்பதாகக் கேள்வி. அவளுக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் தன் பதவி? மகளின் படிப்பு? இத்தனை வருடம் சேர்த்த நல்ல பெயர்?

அவள் எழுதினாள்: ‘நோயாளி சாப்பிட மறுத்தார். காரணம் தெரியவில்லை.’

மறுநாளிலிருந்து பதினொன்றாம் கட்டிலின் தட்டு வழித்துத் துடைத்ததுபோலத் திரும்பியது. வாசனையும் போய்விட்டது. நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள், யாருக்கும் குளிரவில்லை. உங்கள் ராசி சிஸ்டர் என்றாள் ரேடியோ. சொல்லியாயிற்று, தையல்காரம்மா படுத்துவிட்டாள், எழுதாவிட்டால் என்ன என்று தலைமை நர்ஸ் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அந்த வாரம் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு விடுப்பு.

அவளுக்குத் தைராய்டு உண்டு. தினமும் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, பிறகு அரை மணி நேரம் எதுவும் கூடாது. மகள் அதை வைத்து எப்போதும் கேலி செய்வாள். “அம்மா விரதம் முடிஞ்சுதா?” என்பாள். அன்றும் ஆறரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். மகள் ரொட்டியும் பாலும் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பிறகு துணி துவைத்தாள், போனில் பேசினாள், படித்தாள்.

பத்தரை மணிக்கு மகள் கூடத்துக்கு வந்தபோது அம்மா அதே இடத்தில் இருந்தாள். முதுகு நேராக. கைகள் மடியில்.

“என்னம்மா, இன்னுமா சாப்பிடல? உன் அரை மணி எப்பவோ முடிஞ்சிருச்சே.”

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. சுவர்க் கடிகாரம் எதிரேதான் இருந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. கையை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கை வரவில்லை.

“அம்மா?”

எதிர்ப் பக்கத்து நாற்காலி மேஜையிலிருந்து சற்றே பின்னால் இழுத்துப் போடப்பட்டிருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. மகள் மூக்கைச் சுளித்தாள்.

“இது என்ன மெஷின் எண்ணெய் வாசனை? சாப்பிடும்மா.”

பாலில் ஆடை கட்டியிருந்தது.

“இரு,” என்றாள் அவள், மிகவும் பணிவாக. “அந்த அம்மா இன்னும் வந்து சொல்லலையே.”