அம்மாவின் பட்டி

"திறம் செல்வமலர் அன்ரி, திறம்!"

பிராண்டே நகரில், பிசியோதெரபி அறையில் பயிற்சி கொடுக்கும் ஸ்ரெபானி அக்கா கணினித் திரையைத் தட்டிக் காட்டினாள். அபிதாவின் அம்மா செல்வமலருக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் ஒவ்வொரு நாளும் கை எவ்வளவு உயருகிறது என்று அளக்க, தோளுக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைப் பட்டியால் கட்டிவிட்டிருந்தார்கள்.

"போன சனிக்கிழமையைப் பாருங்கோ. நூற்றெழுபது பாகை! அதுவும் முந்நூறு தரம்!"

அம்மா விழித்தாள். ஆனாலும் புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்? "ஓம் பிள்ளை, கொஞ்சம் முயற்சி செய்தனான்" என்று சிரித்து வைத்தாள்.

மூலைக் கதிரையில் இருந்த அபிதாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, அம்மா முழுகுவதற்காகக் கழற்றி வைத்த பட்டியை அவள்தான் கட்டிக்கொண்டு தமிழ்ப் பள்ளி நடன வகுப்புக்குப் போனாள். அதில் மின்னிய நீல விளக்கைப் பார்த்துத் தோழி சாரங்கி வாயைப் பிளந்தாள். அந்தப் பெருமையில் அபிதா இரண்டு மணி நேரம் கையை வீசி வீசி ஆடினாள். வீட்டில் கேட்டதற்கு, "சார்ஜில போட்டனான்" என்று ஒரு பொய்யும் சொன்னாள்.

"இனிப் பயமில்லை. ஒரு கிலோ பாரம் தூக்குங்கோ, அன்ரி" என்றாள் ஸ்ரெபானி அக்கா.

அம்மா கையை நீட்டினாள். தைத்த தோள் பிய்ந்துபோனால்? அபிதாவின் காதெல்லாம் சுட்டது.

"தூக்காதேங்கோ அம்மா! அது உங்கட கை இல்லை, என்ர கை. நான்தான் கட்டிக்கொண்டு ஆடினனான்."

சொல்லிவிட்டுக் குனிந்தவள்தான், நிமிரவில்லை. மேசைக்கு அடியில் புகுந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

ஸ்ரெபானி அக்கா பாரத்தை எடுத்து அலுமாரியில் வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அப்ப அன்ரி, நீங்கள் செய்த முயற்சி?"

அம்மாவின் முகமும் சிவந்தது. "அண்டைக்கு நான் ஒண்டும் செய்யேல்லை பிள்ளை. நோகுது எண்டு விட்டிட்டன்."

தாயும் மகளும் சேர்ந்து தரையைப் பார்த்தார்கள். அக்கா சனிக்கிழமையை அழித்தாள். திரையில் மிஞ்சிய உச்சம் எண்பத்திரண்டு பாகை.

அன்று மாலை அபிதா அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. வாங்கோ, ரெண்டு பேரும் செய்வம். நொந்தா நிப்பாட்டுவம். தை... யா... தை..."

தாளத்துக்கு அம்மாவின் கை மெல்ல எழுந்தது. ஒவ்வொரு மாலையும் எழுந்தது.

அடுத்த வாரம் திரையில் எண்பத்தொன்பது! ஸ்ரெபானி அக்கா கண்ணைச் சுருக்கினாள். "இது ஆரின்ர கை?"

அம்மா கையைத் தூக்கியே காட்டினாள்.