பேர் எழுதாத சீட்டு

“என்னங்க, எனக்கு மட்டும் வெத்துச் சீட்டு?”

அவள் நிமிர்ந்தாள். எதிரே ஒருவன். மழையில் நனைந்த இமைகள்… சிரிக்கிற கண்கள். பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக். மழைக்கு ஒதுங்கப்போய் ஜெபக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவன்.

அங்கே வாரா வாரம் அது வழக்கம். சபையார் நாற்பது பேர் பெயரும் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போகும். எடுக்கிறவர் அந்த ஒருவருக்காக ஒரு வாரம் ஜெபிக்க வேண்டும். சீட்டு எழுதுகிறவள் இவள்தான், கணக்கு டீச்சர்; தன் பெயரை மட்டும் அதில் சேர்க்கமாட்டாள். எனக்காக யாரும் உருக வேண்டாம் என்கிற வீம்பு! அம்மா போய் ஒரு வருடமாகியும், பழக்கத்தில் கை அம்மாவுக்கும் ஒரு சீட்டு வெட்டிவிடும்… அதைப் பெயர் எழுதாமலே ஒதுக்கிவிடுவாள். இன்று அது தவறிப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது.

“கை தவறிடுச்சு. தூக்கிப் போடுங்க” என்றாள் வெடுக்கென்று.

அடுத்த வாரம் மழையே இல்லை. ஆனாலும் அவன் வந்து நின்றான்.

“ஏழு நாளும் ஜெபிச்சேங்க.”

“யாருக்காம்?”

“தெரியலையே… தனியா உட்கார்ந்து சாப்பிடுற யாரோன்னு நினைச்சுக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச கஷ்டம் அது ஒண்ணுதான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டு மேசையில் தினமும் ஒற்றைத் தட்டு… இவனுக்கு யார் சொன்னது?

“நாற்பத்தொண்ணுல ஒண்ணு. யாருக்கு வேணா வந்திருக்கும். வெறும் தற்செயல்.”

“மழை தற்செயல், நான் ஒதுங்கினது தற்செயல், சீட்டும் தற்செயலா? ஆண்டவருக்கு ஒரு வேலையாவது மிச்சம் வைங்க டீச்சர்!”

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும்…

“இது அவர் வேலைன்னா, எங்கம்மாவை எடுத்துக்கிட்டதும் அவர் வேலைதானே? அதை எப்படிங்க ஒத்துக்குவேன்?”

அவன் சிரிப்பு அடங்கியது. “அதுக்கு எனக்குப் பதில் தெரியலைங்க. தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன்.”

அம்மா போனதிலிருந்து எல்லோரும் பதிலோடுதான் வந்தார்கள். தெரியாது என்று சொன்னவன் இவன் ஒருவன்தான்.

சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தான். மடிப்பில் கிரீஸ் கறை. “இந்த வாரமும் இதையே வச்சுக்கவா?”

அவள் வாங்கினாள். பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதி, அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“தனியாத்தான் சாப்பிடுறேன்… முடியலைங்க. இந்த ஏழு நாளும், மழை வருமா வருமான்னு வாசலையே பார்த்துட்டிருந்தேன்.”