தையல் கோடு

சிங்காநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் பரணிதரன் சரிந்து விழுந்ததும் ஓடிவந்த பெரியவர் அவருடைய மூச்சைப் பார்க்கவில்லை. காதுமடலைத் திருப்பிப் பார்த்தார்.

தையல் கோடு அங்கேதான் இருக்கும். முதலுதவி பழகுவதற்காகச் சுகாதாரத் துறை விழுபாவை என்ற இயந்திரப் பொம்மைகளை ஊருக்குள் விட்டு ஆறு வருடம் ஆகிறது. மனிதரைப் போல நடக்கும், திடீரென விழும். மாதம் ஒரு முறையாவது ஒரு பாவையின் மார்பைச் சரியாக அழுத்தினால்தான் இலவசப் பயண அட்டை பச்சையாக எரியும். இல்லையென்றால் சிவப்பு. ஊரே முதலுதவி கற்றது இப்படித்தான்.

"கோடு இல்லீங்க" என்றார் பெரியவர். கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"நெசமான ஆளா? எலும்பு ஒடஞ்சா யாருங்க பதில் சொல்றது?"

அதற்குள் பரணிதரனின் மனைவி கோகிலவாணி அழுத்தத் தொடங்கியிருந்தாள். நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை. ஐந்து சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழ வேண்டும். அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். பாவைகளை வடிவமைத்தவளே அவள்தான். இரண்டு நிமிடத்தில் எந்தக் கையும் தளர்ந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வர எட்டு நிமிடம்.

"யாராவது கை மாத்துங்க!"

ஒருவரும் அசையவில்லை.

அவள் கழுத்திலிருந்த துறை அட்டையைப் பல்லால் கவ்வி இழுத்துக் காட்டினாள். "பாவைதாங்க! புது மாடல். காதைப் பார்த்தே கண்டுபிடிச்சிடறீங்கன்னு தையலை எடுத்துட்டோம்."

"அடப் பாவிகளா! மாசக் கடைசி, எனக்கு அட்டை இன்னும் பச்சை ஆகலை. தள்ளுங்க அம்மிணி" என்று பெரியவர் மண்டியிட்டார்.

உடனே வரிசை கட்டினார்கள். பெரியவர், ஒரு கல்லூரிப் பெண், ஒரு நடத்துனர்.

"அண்ணா, முழங்கை மடங்குது பாருங்க" என்று அந்தப் பெண் நடத்துனரை அதட்டினாள். விலா எலும்பொன்று முறிந்தது.

"சத்தம்கூட வெச்சிருக்காங்கடா!" என்று யாரோ வியந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. மின்னதிர்ச்சி கொடுத்ததும் நாடி திரும்பியது. பரணிதரன் முனகினார். கோகிலவாணி வண்டியில் ஏறும்போது பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் அட்டை சிவப்பாகவே இருந்தது. பாவைக்குள்ளிருந்து சிக்னல் வந்தால்தான் அது நிறம் மாறும்.

"ஏனுங்க, மூணு பேரும் ஒழுங்காத்தான அழுத்துனோம்? ஒருத்தருக்கும் பச்சை வரலையே?"

"அவர் என் வீட்டுக்காரருங்க. நெசமான ஆளு. நீங்கதான் காப்பாத்துனீங்க."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னுமா ஏமாத்தறீங்க? போங்க அம்மிணி. இனிமே கோடு இல்லாத எதையும் நாங்க தொடறதில்லை."