முன் இருக்கையில் எழுபத்து நான்கு கிலோ

"பயணிகள் யாரும் இல்லை. சுமை இருநூற்று ஐம்பத்தைந்து கிலோ," என்றது வண்டி.

நான்கு பேரும் உள்ளேதான் இருந்தார்கள். முன் இருக்கையில் தணிகைவேல். நடு வரிசையில் அவன் மனைவி சுகுணாவும் மகள் நறுமுகையும். கடைசியில் மாமனார் வேதாசலம்.

"நாமெல்லாம் மூட்டையாம், மாப்பிள்ளை," என்றார் வேதாசலம்.

வண்டியை ஒப்படைக்க வந்திருந்த பெண் கண்ணாடியைத் தட்டினாள்.

"சார், சீட் கவரை எடுக்கணும். பிளாஸ்டிக் மேல உட்கார்ந்தா நாடிமானிக்கு ஒண்ணும் தெரியாது."

"புது வண்டிம்மா. ஒரு மாசமாவது இருக்கட்டுமே."

"நாடி தெரியலன்னா கிளம்பாது சார்."

தணிகைவேல் யோசித்தான். "பின்னாடி மட்டும் எடுத்துக்குங்க. என்னோடது இருக்கட்டும். ஒண்ணாவது புதுசா இருக்கணும்."

வேதாசலம் அதற்குள் தன்னுடையதைக் கிழித்திருந்தார். சுகுணாவும் நறுமுகையும் உறையைக் கழற்றி மடித்து வைத்தார்கள். "மூன்று பயணிகள். முன் இருக்கையில் எழுபத்து நான்கு கிலோ சுமை. வணக்கம்," என்றது வண்டி. நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ராணிப்பேட்டை வெயிலில் தெரு சத்தமில்லாமல் பின்னால் போனது.

அதில் ஸ்டீயரிங் கிடையாது. பத்து வருடங்களாக எந்த வண்டியிலும் கிடையாது. வண்டிகள் ஒன்றோடொன்று மோதுவது நின்றுவிட்டது. மிச்சமிருந்த விபத்துகளை உள்ளே இருந்தவர்கள் செய்தார்கள். ஓடும் வண்டியில் சண்டை போட்டார்கள். கதவைத் திறந்தார்கள். அவசர பிரேக்கைப் பிடித்து இழுத்தார்கள். அதனால் சட்டம் வந்தது. இருக்கைத் துணிக்கு அடியில் நாடிமானி. எல்லாருடைய நாடியையும் சேர்த்துப் பார்த்து வண்டி ஓர் எண் சொல்லும். அதற்கு அமைதி எண் என்று பெயர். போலீஸ் பார்ப்பதற்காகப் பின்கண்ணாடியிலும் அது தெரியும். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் வண்டி நெடுஞ்சாலை ஏறாது.

முதல் ஏழு நாள் பழகு வாரம். அதில் வண்டி குடும்பத்தைப் படிக்கும். யார் எங்கே உட்கார வேண்டும், எந்த வேகம், எந்தச் சாலை என்பதை எட்டாம் நாள் முடிவு செய்யும். அந்த முடிவை ஓராண்டுக்கு மாற்ற முடியாது.

தணிகைவேல் வண்டி வாங்கியதே அந்த எட்டாம் நாளுக்காகத்தான். நறுமுகைக்குத் தூத்துக்குடியில் கப்பல் கட்டும் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அன்று விடுதியில் சேர வேண்டும். கடந்த இரண்டு வருடங்களில் அவள் அவனிடம் 'சரிப்பா' என்பதைத் தாண்டி அதிகம் பேசியதில்லை. ஒரே வண்டியில் எட்டு மணி நேரம். ஏதாவது பேசுவாள் என்று நினைத்தான். விடுதிக் கட்டிலில் மெத்தையை அவனே விரிக்க வேண்டும் என்றும் நினைத்தான். வண்டி வாங்கலாமா என்று வீட்டில் கேட்டபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எப்போதும் அப்படித்தான்.

எந்த வண்டி என்பதை உரிமையாளர்களின் முதல் அனுபவங்களைப் பார்த்து முடிவு செய்தான். அவற்றை இப்போது யாரும் எழுதுவதில்லை. எழுதினால் பொய் வருகிறது என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. உரிமையாளரின் நாடியிலிருந்து வண்டியே ஓர் எண்ணை எடுத்து, ஒரு படத்தோடு வெளியிடும். தேனிக்காரர் ஒருவர் தொண்ணூற்றேழு. படத்தில் அவர் நிறுத்திய வண்டியின் முன் இருக்கையில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில். பின் இருக்கைகள் காலி. படம் எடுப்பதற்காகக் குடும்பம் இறங்கி நிற்கிறது போலும் என்று தணிகைவேல் நினைத்தான். அன்றே முன்பதிவு செய்தான்.

இரண்டாம் நாள் ஆற்காடு வரை போனார்கள். நறுமுகை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து வெளியே பார்த்தாள்.

"அப்பா, இது ஓடுதா நிக்குதான்னே தெரியல."

அந்த மாதத்தில் அவள் அவனிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். திரையில் எழுபத்தொன்று.

"கண்ணாடியில கை வெக்காதம்மா," என்றான். "ரேகை விழுது பாரு."

"சரிப்பா."

அறுபத்திரண்டு. சாலையில் பள்ளம் இருந்திருக்கும் என்று நினைத்தான்.

செருப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். கதவை அறையக் கூடாது. உள்ளே எதுவும் தின்னக் கூடாது. இறங்கியதும் அவன் மஞ்சள் துணியால் எல்லா இடத்தையும் துடைப்பான். மூன்று பேரும் வாசலில் நின்று அது முடியும்வரை காத்திருப்பார்கள்.

"கர்ப்பகிரகத்துக்குள்ள போற மாதிரியே இருக்கு," என்றார் வேதாசலம். "தேங்காய் மட்டும்தான் உடைக்கல."

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு, மாமா."

"வயசாயிடுச்சுல்ல மாப்பிள்ளை. வேற என்ன விளையாட முடியும்?"

அவனுக்கு வண்டி பிடித்திருந்தது. மேலே கண்ணாடிக் கூரையில் வேப்ப மரங்கள் ஓடின. குளிர்ச்சி பின் வரிசை வரை ஒரே அளவில் போனது. எந்த மேட்டிலும் அது முனகவில்லை. இந்த வீட்டில் இத்தனை மென்மையான பொருள் இதற்கு முன் வந்ததில்லை என்று தோன்றியது. அதைச் சொல்லத் திரும்புவான். பின்னால் மூவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழாம் நாள் ஏலகிரிக்குக் கிளம்பினார்கள். சாப்பாட்டை மலைமேல் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். வாணியம்பாடி தாண்டி வேதாசலத்துக்குத் தலை சுற்றியது. சர்க்கரை இறங்கிவிட்டது. சுகுணா சத்தமில்லாமல் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் ஒரு பிடி புளியோதரை வைத்தாள். ஒரு பருக்கை எண்ணெயோடு இருக்கையில் விழுந்தது.

தணிகைவேல் திரும்பிப் பார்த்தான்.

பார்க்க மட்டும்தான் செய்தான். அவன் வீட்டில் ஒருமுறைகூடக் கையை ஓங்கியதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. இப்படிப் பார்ப்பான். பிறகு நான்கைந்து நாள் யாரிடமும் பேச மாட்டான்.

ஐம்பத்து நான்கு. நாற்பத்து மூன்று. முப்பத்தெட்டு. வண்டி ஓரம் கட்டிப் புளிய மரத்தடியில் நின்றது. "சற்று ஓய்வெடுங்கள்," என்றது.

"வண்டியே பயந்துபோச்சு," என்று வேதாசலம் தணிந்த குரலில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

தணிகைவேல் இறங்கி மைல்கல் வரை நடந்தான். கொஞ்ச நேரம் நின்று திரும்பியபோது கண்ணாடி வழியே நறுமுகை தெரிந்தாள். தாத்தா ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்து வருடக்கணக்காகிறது. வண்டி வாங்கியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டே அவளை நோக்கி நடந்தான். அவன் கதவைத் திறந்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்குப் பெட்டிகள் ஏறின. மெத்தையைச் சுருட்டிக் கடைசியில் வைத்தான். நால்வரும் உட்கார்ந்தார்கள்.

"பழகு வாரம் முடிந்தது," என்றது வண்டி. "உங்கள் குடும்பத்தின் அமைதிக்கு உகந்த ஏற்பாடு தயார். முன் இருக்கையில் உள்ள சுமையை இறக்கினால் பயணம் தொடங்கும்."

"என்ன சுமை?" என்றான் தணிகைவேல். மடியில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"முன் இருக்கையில் எழுபத்து நான்கு கிலோ. தயவுசெய்து இறக்கவும்."

அவன் நிறுவனத்தைக் கூப்பிட்டான். ஒப்படைக்க வந்த பெண்ணே பேசினாள்.

"சார், உங்க சீட்ல இன்னும் கவர் இருக்கா?"

"இருக்கு."

"அதான் சார். அது உங்கள ஆளாவே எடுத்துக்கல. பொருள்னு நினைச்சுக்குச்சு. கிழிச்சுடுங்க, சரியாயிடும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா சுகுணா," என்றான். இறங்கி உறையைக் கிழித்தான். அடியில் சாம்பல் நிறத் துணி புதிதாக இருந்தது. உட்கார்ந்தான். துணி உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டது.

"புதிய பயணி. வணக்கம்," என்றது வண்டி.

"வணக்கம்," என்றான். நெஞ்சு அடித்துக்கொண்டது.

திரையில் நாற்பத்து நான்கு. பிறகு முப்பத்தாறு.

"முன் இருக்கைப் பயணி இறங்கினால் பயணம் தொடங்கும்."

வெளியே பால்காரர் இவர்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

"ரயில்ல வந்துடுங்களேன்," என்றாள் சுகுணா. "நாங்க அங்க ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கிறோம்." வேகமாகச் சொன்னாள்.

அவன் நறுமுகையைப் பார்த்தான். பழைய மாதிரிப் பார்க்கக் கூடாது என்று முயன்று பார்த்தான். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "சரிப்பா," என்றாள், அவன் எதுவும் கேட்காமலேயே.

முப்பத்திரண்டு.

ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தான். நாற்பது ஆனது. இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினான். ஐம்பத்தைந்து. ஓரடி பின்னால் நகர்ந்தான். இன்னோர் அடி. ஜன்னலுக்குள் எண் ஏறுவது தெரிந்தது. அறுபத்து மூன்று. அறுபத்தொன்பது. சுகுணா முன்னால் குனிந்து முந்தானையால் திரையை மூடினாள்.

"அது சும்மா என்னத்தையோ காட்டுதுங்க."

"எவ்வளவு?" என்றான் வாசலில் நின்றபடி.

சுகுணா முந்தானையை எடுக்கவில்லை. வேதாசலம் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் விளையாட்டு இல்லை.

"வெயில்ல நிக்காதீங்க, மாப்பிள்ளை," என்றார்.

வண்டி கிளம்பியது. தெருமுனையில் திரும்பியபோது பின்கண்ணாடி தெரிந்தது. எண்பத்தெட்டு.

அவன் ரயிலில் போகவில்லை. விடுதியிலிருந்து சுகுணா கூப்பிட்டாள். மெத்தையைத் தன் அப்பா விரித்துவிட்டதாகச் சொன்னாள். நறுமுகை பக்கத்தில் இருப்பதாகவும் சொன்னாள். கொடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் வண்டி திரும்பியது. சுகுணாவும் வேதாசலமும் சாப்பிட்டுத் தூங்கினார்கள். தணிகைவேல் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். தரையில் முறுக்குத் தூள் கிடந்தது. நடு வரிசையின் ஜன்னல் முழுக்க உள்ளங்கை ரேகைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, மேலும் கீழுமாக, தூத்துக்குடி வரைக்கும் அவள் கையை எடுக்கவே இல்லை போலிருந்தது.

துணியை மடித்துப் பையில் வைத்தான். துடைக்கவில்லை.

முன் இருக்கையில் உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அவள் பொங்கலுக்கு வருவாள். அவர்கள் இருவரும் அவளை அழைத்துவரப் போவார்கள். அவன் வாசலில் நிற்பான். அடுத்த வருடம் ஏற்பாட்டை மாற்றக் கேட்கலாம். கேட்டால் வண்டி மறுபடி அவர்களுடைய நாடியைத்தான் பார்க்கும். இதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. காத்திருக்கவும் எதுவும் இல்லை. நெஞ்சு மெதுவாக அடித்தது. பிறகு இன்னும் மெதுவாக.

திரை எரிந்தது.

"ஒரு பயணி. அமைதி எண் தொண்ணூற்றாறு. இந்த வண்டியில் இதுவரை பதிவானதில் இதுவே உயர்ந்தது. வாழ்த்துகள். வகுத்த ஏற்பாடு உங்களுக்கும் உகந்தது என்பது உறுதியாகிறது. இதை உங்கள் முதல் அனுபவமாக வெளியிடலாமா? பத்து நொடிகளில் மறுப்பு வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. நினைத்துக்கொண்டிருக்கும்போதே பத்து நொடிகள் போயின. மேலே ஒரு சின்ன விளக்கு மின்னி அணைந்தது.

படம் திரையில் வந்தது. நிறுத்திய வண்டி. முன் இருக்கையில் ஓர் ஆள், நேராகப் பார்த்தபடி. பின் இருக்கைகள் காலி. ராணிப்பேட்டை, தொண்ணூற்றாறு. பட்டியலில் அதற்கு மேலேயே தேனிக்காரர் இருந்தார். தணிகைவேல் இந்த முறை அவருடைய கண்களைப் பார்த்தான்.

சற்று நேரத்தில் அவன் படத்துக்குக் கீழே ஒரு வரி தோன்றியது. திருவாரூரில் ஒருவர் இதைப் பார்த்துத் தன் குடும்பத்துக்காக முன்பதிவு செய்திருந்தார்.