பதிவேட்டில் இருந்த விஜிதரன்

கமலேஸ்வரியின் கடைக்கு வருகிறவர்கள் பேசத் தொடங்குமுன் ஒரு கடதாசியைத்தான் நீட்டுவார்கள். ராஜினியும் அப்படித்தான் நீட்டினாள்.

கிளிநொச்சி நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் தகரம் போட்ட சின்னக் கடை அது. ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம், ஒரு கணினி, இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். கமலேஸ்வரி பன்னிரண்டு வருடம் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்தவள். இப்போது மனுக்கள் தட்டச்சுச் செய்கிறாள். காணாமற்போன வழக்குக் கோவையைத் தேட வேண்டுமென்றால் சட்டத்தரணிமாரே அவளிடம் ஆள் அனுப்புவார்கள்.

"பொலிஸ் நற்சான்று கேட்டனாங்கள் அக்கா. இவர் கட்டாருக்குப் போக இருக்கிறார், பஸ் ஓட. இப்பிடி வந்திருக்கு."

இவர் என்றது அவள் கணவன் விஜிதரனை. அவன் உள்ளே வராமல், வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கமலேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். பழனியாண்டி விஜிதரன், 2022ஆம் ஆண்டு, கிளிநொச்சி நீதவான் நீதிமன்றம், குற்றவாளி, தண்டப்பணம். வழக்கு இலக்கம் இல்லை.

"இவர் கோட்டு வாசல் மிதிச்சதே இல்லை" என்றாள் ராஜினி. "எங்கட வீட்டில கோடேறினது இவற்ற தம்பி சதீஸ் மட்டும்தான். அதுவும் முந்தி, களவாப் பாலை மரம் ஏத்தினதுக்கு. ஒத்திவைச்ச மறியல், இனிப் பிடிபட்டாச் சிறையெண்டு சொல்லி விட்டவை. இவர் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார்."

"எறும்பை மிதிச்சாலும் வழக்குப் போடுறேல்ல பிள்ளை" என்றாள் கமலேஸ்வரி. "எப்ப முடிவு சொல்லோணும்?"

"இந்த மாதம் முப்பதாம் திகதி. கொழும்பில ஏஜென்சிக்காரர் அண்டைக்குப் போன் எடுப்பினம். சுத்தமான கடதாசி இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவினம். அக்கா, சொந்தமா ஒரு பரப்பு வயலும் இல்லை எங்களுக்கு. பிள்ளைக்கு மூண்டு வயசு. இதை விட்டா வேற வழியில்லை."

கமலேஸ்வரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். "முதல் வழக்கு இலக்கம் எடுக்கோணும். பதிவறையில வருச வருசமாப் பேர்ப் பதிவேடு இருக்கு. பிறகு உறுதிப்படுத்தின பிரதிக்கு விண்ணப்பம். தம்பி, உள்ள வாரும். நீர்தான் கையெழுத்து வைக்கோணும்."

விஜிதரன் வந்து குனிந்து பார்த்தான். 'விண்ணப்பகாரர்: எதிரி' என்று இருந்தது. பேனையை எடுத்தவன் வைக்காமல் நின்றான்.

"நான் எதிரி இல்லையே அக்கா."

"எதிரியெண்டா குற்றம் சாட்டப்பட்ட ஆள். கோவையில அது நீர்தான். எதிரிக்குத் தன்ர வழக்கைப் பாக்க உரிமை இருக்கு. எதிரி இல்லையெண்டு நிண்டீரெண்டா, நீர் ஆர், ஏன் கேக்கிறீரெண்டு விளக்கம் சொல்லியே மாதம் போயிடும்."

செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்து வைத்தால்தான் செய்யவில்லை என்று காட்டலாம். ராஜினிக்கு அது சிரிப்பாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. விஜிதரன் வடிவான எழுத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே போனான்.

பதிவறை எழுதுவினைஞர் இரண்டு நாள் தேடிவிட்டு, அப்படியொரு பேர் 2022இல் இல்லை என்றார். ராஜினி துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "பாத்தீங்களோ! பொலிஸ் பிழையா எழுதியிருக்கு!"

"எந்த எழுத்தில பாத்தவர்?"

"வி-யில."

"பொலிஸ் தகப்பன்ர பேரை முன்னுக்கு எழுதியிருக்கும். ப-வில பாக்கச் சொல்லுங்கோ."

ப-வில் இருந்தது.

"தீர்ப்பு மட்டும் கேக்காதேங்கோ" என்றாள் கமலேஸ்வரி. "முழுக் கோவையும் கேளுங்கோ. தீர்ப்பு ஒரு வரிதான். ஆள் மிச்சக் கடதாசியில இருப்பான்."

பிரதி கைக்கு வர மாதம் இருபத்தெட்டாகிவிட்டது. பதினொரு பக்கம். ராஜினி மேசையில் சாய்ந்து நின்று விரல் வைத்து வாசித்தாள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆற்று மண் ஏற்றியது. உழவு இயந்திரத்தின் சாரதி பிடிபட்டது 2022 பெப்ரவரி பதினாறு. மறுநாள் பிணை. மே மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியது. சாரதியின் அடையாள அட்டை இலக்கம் கடைசியில் ஆங்கில வீ எழுத்துப் போட்ட பழைய இலக்கம். பக்கத்தில் 'அட்டை மூலப்பிரதி பார்வையிடப்பட்டது' என்று இருந்தது.

"பெப்ரவரி பதினேழோ?" ராஜினியின் குரல் உயர்ந்தது. "அக்கா, அண்டைக்குத்தான் என்ர பிள்ளை பிறந்தது! இவர் விடியத் துவக்கம் ஆஸ்பத்திரியில. தாதிமார் சாட்சி!"

"நல்லது" என்றாள் கமலேஸ்வரி. "அப்ப இவர் இல்லை. ஆர் எண்டதுதான் கேள்வி."

"ஏரம்பு! மண் ஏத்திற ஏரம்பு. இவர் முந்தி அவரிட்ட வேலை செய்தவர். வேலைக்காரர் எல்லாரின்ர ஐ.சி. கொப்பியும் வாங்கி வைச்சிருக்கிறார்."

"கொப்பி வைச்சிருக்கலாம். இதில அட்டையின்ர மூலப்பிரதி பாத்ததெண்டு கிடக்கு. இவற்ற பழைய அட்டை எங்க?"

"துலைஞ்சிட்டுது. பிள்ளைக்குப் பிறப்புப் பதியப் போகேக்கதான் தெரியும். மாமி சொன்னவா, இரணைமடுவில குளிக்கேக்க விழுந்திருக்குமெண்டு. பொலிஸில என்ட்ரி போட்டுத்தான் புது அட்டை எடுத்தது."

கமலேஸ்வரி பிணைமுறிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். பிணையாளியின் பேருக்கு மேல் நீதிமன்ற முத்திரை விழுந்து, கொப்பியில் கறுப்பாகிப் போயிருந்தது. இலக்கம் மட்டும் தெரிந்தது. 62 641 என்று தொடங்கியது. கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருவிரல் அடையாளம். எதிரி இருக்கும் அதே கிராமத்தில் வசிப்பவர் என்று கிராம அலுவலர் உறுதிப்படுத்தியிருந்தார்.

நெடுநேரம் அதைப் பார்த்தபடி இருந்தாள்.

"பிள்ளை, அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு வேற ஆர் வந்தது?"

"என்ர அம்மா காலமை வந்தவா. மாமி பின்னேரம் மூண்டு மணிக்குத்தான் வந்தவா. முதற் பேரப்பிள்ளை, ஆனா மூண்டு மணிக்கு!" ராஜினிக்குப் பழைய மனத்தாங்கல் நினைவுக்கு வந்தது. "வந்தும் வராததுமாப் பிள்ளையைத் தூக்கி, வெள்ளைத் துணியெல்லாம் ஊதா மை. சமுர்த்தி உதவிக்காசுக் கந்தோருக்குப் போனனெண்டவா. தோய்ச்சும் போகேல்ல."

கமலேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"நாளண்டைக்கு முப்பது. நான் உங்கட வீட்டுக்கு வாறன். எல்லாரும் நிக்கட்டும். சதீஸும்."

"ஆரெண்டு கண்டுபிடிச்சிட்டியளோ?"

"வீட்டில சொல்லுறன்."

முப்பதாம் திகதி காலை கமலேஸ்வரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கள்ளனைப் பிடிக்கப்போகிற உற்சாகத்தில் ராஜினி கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். விஜிதரன் கட்டிலில் இருந்தான். சதீஸ் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அண்ணனும் தம்பியும் தூரத்தில் நின்றால் ஆரென்று தெரியாத முகவெட்டு. மாமியார் சிவலட்சுமி குசினி வாசலில் நிலத்தில் இருந்தாள்.

"கூண்டில நிண்டவர் வேற ஆளின்ர பேரைச் சொல்லலாம்" என்று தொடங்கினாள் கமலேஸ்வரி. "பிணை நிக்கிறவர் அப்பிடிச் சொல்லேலாது. கிராம அலுவலரிட்டப் போய், தான் இன்னார், இன்ன இடத்தில இருக்கிறனெண்டு கடதாசி எடுக்கோணும். அதால நான் எதிரியை விட்டிட்டுப் பிணையாளியைத் தேடினன். பேர் அழிஞ்சு போச்சு. இலக்கம் அழியேல்ல. பழைய அட்டையில முதல் ரெண்டு எண்ணும் பிறந்த வருசம். அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாம் நாளெண்டது. பொம்பிளையளுக்கு அதோட ஐந்நூறு கூட்டுவினம்."

ராஜினி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அறுநூற்று நாற்பத்தொன்று.

"அப்ப பிணை நிண்டது ஒரு பொம்பிளை. அறுபத்திரண்டாம் ஆண்டு, மே மாதம் பிறந்தவா. இந்தக் கிராமத்தில இருக்கிறவா. கையெழுத்து வைக்கத் தெரியாதவா. அண்டைக்குக் கையில ஊதா மையோட..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. ராஜினி மாமியாரைப் பார்த்தாள். சிவலட்சுமி முந்தானைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தாய் ஊரான் பிள்ளையை 'என்ர மகன் விஜிதரன்' எண்டு சொல்லிப் பிணை எடுக்கமாட்டா" என்றாள் கமலேஸ்வரி மெதுவாக. "மற்ற மகனைத்தான் எடுப்பா. அவருக்கு முதலே ஒத்திவைச்ச மறியல் இருந்தது. ரெண்டாந்தரம் அதே பேரில பிடிபட்டா அந்த மறியலும் சேர்ந்து வரும்."

"அண்ணை..." என்றான் சதீஸ்.

விஜிதரன் தம்பியைப் பார்க்கவில்லை. "அம்மா, ஏனம்மா?"

"ராத்திரி முழுக்க அவனை அடைச்சு வைச்சிருந்தாங்கள்" என்றாள் சிவலட்சுமி. "விடிஞ்சா உள்ளதானெண்டு ஏரம்பு வந்து சொன்னான். உன்ர ஐ.சி. அலுமாரிக்குள்ள கிடந்தது. எடுத்துக் குடுத்தன். உன்னட்டச் சொல்லலாமெண்டுதான் இருந்தனான். பிள்ளை பிறந்த சந்தோசத்தில நிண்டாய்." மூக்கைச் சிந்தினாள். "சண்டைக்க ஓடினமே, ஒரு கடதாசி மிஞ்சினதோ? உங்கட பிறப்புப் பத்திரம், காணி பேர்மிட், பள்ளிக்கூட ரிப்போட் எல்லாம் போச்சே! எங்கட எந்தக் கடதாசி நிண்டது, இது நிக்க? அபராதம் கட்டினா கிழிச்செறிஞ்சிடுவாங்களெண்டுதான் நினைச்சன்."

வெளியில் ஒரு கோழி குப்பையைக் கிண்டியது.

கமலேஸ்வரி பையிலிருந்து தட்டச்சுச் செய்த இரண்டு தாள்களை எடுத்தாள். "இது பிரேரணை. ஆள்மாறாட்டம் நடந்ததெண்டு நீதவானுக்கு. ஆஸ்பத்திரிக் கடதாசியும் அட்டை துலைஞ்ச என்ட்ரியும் சேர்த்திருக்கு. விஜிதரன் கையெழுத்து வைச்சா சட்டத்தரணி ஒராள் நாளைக்கே போடுவார். இதைக் காட்டி ஏஜென்சியிட்டத் தவணை கேக்கலாம்."

"வைச்சா?" என்றான் விஜிதரன்.

"வைச்சா முதற் கேள்வி, பிணை நிண்டது ஆரெண்டு."

"நான் போறன்" என்று சதீஸ் முன்னுக்கு வந்தான். "நான் போய் எல்லாம் என்ர வேலையெண்டு சொல்லுறன். அம்மாவை விடுங்கோ."

"நீர் மட்டும் போக வழியில்லை. பிணைமுறியில உம்மட பெருவிரல் இல்லை. கோட்டுக்குப் பொய் சொன்னது உங்கட அம்மா. மறியலோ, தண்டமோ, என்னெண்டு நான் சொல்லமாட்டன். ஆனா அவாவையும் கூண்டில ஏத்துவினம்."

"ஏத்தட்டும்" என்றாள் சிவலட்சுமி. "நான் வாறன். எந்தப் பஸ்ஸில போகோணும்?"

செய்தது ஏரம்புவாக இருந்திருந்தால் ராஜினி இந்நேரம் கத்தியிருப்பாள், ஊரைக் கூட்டியிருப்பாள். பதிவேட்டில் தேடுங்கோ, முழுக் கோவையும் எடுங்கோ என்று ஒவ்வொரு நாளும் ஓடியது அவள்தான். கையெழுத்தை வையுங்கோ என்று சொல்ல வாய் திறந்தாள். கிழவி எழும்பி, நாளைக்கே போகிறவள்போலச் சீலையை உதறிக் கட்டிக்கொண்டு நின்றாள். வைக்காதேங்கோ என்று சொல்லவும் நா வரவில்லை. உள்ளறையில் பிள்ளை நித்திரையில் முனகியது.

கட்டிலில் கிடந்த தொலைபேசி அடித்தது. கொழும்பு இலக்கம்.

விஜிதரன் பிரேரணைத் தாள்களைப் பார்த்தான். பிறகு தொலைபேசியைக் காதில் வைத்தான்.

"ஓம் சேர், விஜிதரன்தான். ஓம், நற்சான்று வந்திட்டுது." கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இல்லை சேர், பொலிஸ் பிழையா எழுதேல்ல. அது நான்தான்."

சதீஸ் கதவு நிலையில் நெற்றியை மோதினான்.

"ஓம். மண் ஏத்தினது. விளங்குது சேர். மற்ற ஆளுக்குக் குடுங்கோ."

தொலைபேசியை வைத்தான். கமலேஸ்வரி தாள்களை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் இதுவரை தேடியெடுத்த கோவைகளில் இதைத்தான் எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று அவள் முகம் சொன்னது. ஸ்கூட்டர் ஒழுங்கையில் திரும்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, இரு" என்றான் விஜிதரன். "ஒரு இடமும் போகத் தேவையில்லை."

சிவலட்சுமி இருக்கவில்லை. எங்கே இருப்பது என்று தெரியாதவள்போல வீட்டின் நடுவில் நின்றாள்.

"வாய்க்கால் துப்பரவாக்க ஆள் தேடினவையெல்லோ" என்று அவன் பொதுவாகக் கேட்டான். "இன்னும் எடுக்கினமோ?"

ராஜினிதான் சொன்னாள்.

"ஓம். ஏழு மணிக்கு வரட்டாம். ஐ.சி. கொண்டு வரட்டாம்."