பசியாறிய பிள்ளை

சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேலைக்கு ஆள் கூப்பிடும் விடியக்காலைப் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்னால், அடுப்பில் வைத்த கேத்தல் மெல்ல இரையத் தொடங்கும் நேரத்தில், பாயில் ஒருக்களித்துப் படுத்து அவனை அணைத்துப் பால் கொடுப்பது, பிள்ளை பிறந்த நாளிலிருந்து றோசலினின் வழக்கம். கண்ணைத் திறக்காமலே வாயால் தேடி வருகிற பிள்ளை. அன்றைக்கு உதட்டை இறுக மூடிக்கொண்டான். அவள் மறுபடி அணைத்தாள். இரண்டு கையையும் அவள் நெஞ்சில் ஊன்றித் தள்ளினான். அழவில்லை. அழுதிருந்தால் பல் முளைக்கிறது, வயிறு வலிக்கிறது என்று எதையாவது நினைத்து ஆறியிருப்பாள். அவன் பார்த்த பார்வைதான் ஒரு மாதிரியாக இருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லும்போது பார்ப்பதுபோல.

"ஏன்டா தங்கம், அம்மா மேல கோவமா?"

ஒரு வயதுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை அவனுக்கு. அவளைத் தாண்டி எதையோ பார்த்துச் சிரித்தான்.

நோர்வூட்டுக்கு மேலே, பஸ் போகிற றோட்டை விட்டுச் செங்குத்தாக ஏறிப் போனால் வருகிற தேயிலைத் தோட்டம் அது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட பழைய லயத்தின் கடைசிக் காம்பராவில் அவளும் பிள்ளையும் மட்டும். புருஷன் பத்திநாதன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். நத்தார் பண்டிகைக்கும் பாஸ்காத் திருநாளுக்கும்தான் வருவான். பிரஜாவுரிமை இல்லை என்று ஆன பிறகு, லயத்துச் சனங்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன காம்பராக்களின் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தது. முன்பெல்லாம் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து சுடுதண்ணி வேண்டுமா என்று குரல் வரும். இப்போது தகரக்கூரையில் மழை விழும் சத்தமும், பிள்ளை பால் குடிக்கும் சத்தமும்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. அந்த இரண்டில் ஒன்று அன்றோடு நின்றுபோயிற்று.

மலையில் கொழுந்தெடுக்கும்போது மார்பு கல்லாகக் கனத்தது. சட்டை நனைந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு வரைக்கும் ஈரம் இறங்கியது. வேலைக்குப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா மலையடியில் இருந்தது. பால் கொடுக்க விடும் நேரத்தில் றோசலின் அங்கே ஓடினாள். ஆயா வேலாயி பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள். அவன் அவள் தோளில் சாய்ந்து விளையாடினான், மூக்கைப் பிடித்து இழுத்தான், மார்புப் பக்கம் கொண்டுபோனதும் விறைத்துக்கொண்டான். திரும்பி ஏறும் வழியில், வலி பொறுக்காமல், ஒரு தேயிலைச் செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து பாலைப் பீச்சிவிட்டாள். கறுத்த மண்ணில் வெள்ளையாக விழுந்தது. குளிரில் அதிலிருந்து லேசாக ஆவி எழும்பியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் அதைக் குடித்துவிட்டது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தோட்டத்து மருத்துவச்சி சிசிலியிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். சிசிலி அவன் வாயைத் திறந்து பார்த்தாள், காதை அமுக்கிப் பார்த்தாள்.

"வாயில புண்ணு இல்ல. காதுவலியும் இல்ல. கடிச்சிட்டான்னு ஏதும் சத்தம் போட்டியா?"

"இல்லைங்கம்மா."

"சவுக்காரம், எண்ண ஏதாவது மாத்துனியா? புள்ளைக்கு வாடை பிடிக்காமப் போயிரும்."

"எல்லாம் பழைய மாதிரிதாங்க."

"அப்ப பயப்படாத. இந்த வயசுல சில புள்ளைங்க திடீர்னு இப்படி மொரண்டு பண்ணும். வாயில திணிக்காத. சட்டையக் கழட்டிட்டு நெஞ்சோட நெஞ்சா போட்டுக்க. அரைத்தூக்கத்துல இருக்கையில குடுத்துப் பாரு. பாலைக் கட்ட விடாத, பீச்சிச் சங்குல ஊட்டு. தானா வருவான்."

போகும்முன் அவனைத் தராசில் போட்டவள், முள்ளைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"பட்டினி கெடக்கிற புள்ள மாதிரி இல்லையே. போன மாசத்துக்கு நல்லா ஏறியிருக்கான். வேற யாரும் பால் குடுக்குறாங்களா?"

"எனக்கு யாருங்கம்மா இருக்கா?" என்றாள் றோசலின்.

பனி இறங்கிய குறுக்குப் பாதையில் அவனை இடுப்பில் வைத்து நடக்கையில் அவன் கொட்டாவி விட்டான். அந்த மூச்சு அவள் முகத்தில் பட்டது. அவள் நின்றுவிட்டாள். தன் பாலின் வாடை எந்தத் தாய்க்கும் தெரியும். இளஞ்சூடாக, கொஞ்சம் புளிப்பாக, அவள் உடம்பின் வாடையே அது. இது பால்தான். ஆனால் குளிர்ந்த பால். வெகுகாலம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஈரச்சாக்கு நாற்றம் அதில் கலந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. கோயிலுக்கும் போகவில்லை. பகல் முழுக்க மழை. கதவைச் சாத்தி, மருத்துவச்சி சொன்னபடியே சட்டையைக் கழற்றி, பிள்ளையை வெற்றுடம்போடு நெஞ்சில் போட்டு, கம்பளியால் இருவரையும் சேர்த்து மூடிக்கொண்டு படுத்தாள். அடுப்பில் விறகு கணகணவென்று எரிந்தது. அவன் நெஞ்சுத் துடிப்பு அவள் நெஞ்சுக்குக் கேட்டது. முதுகைத் தடவினாள், தாலாட்டினாள், தேவமாதாவைக் கூப்பிட்டாள். சங்கில் ஊட்டிய பாலை அவன் நாக்கால் தள்ளிவிட்டான். வழிந்த பாலைத் துடைக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. இந்த உலகத்தில் அவளைத் தேடி வருகிற ஒரே வாய் அதுதான். அதற்கும் அவள் வேண்டாமல் போய்விட்டாள்.

அந்தி மயங்கும் நேரத்தில் கண் அசந்திருக்க வேண்டும். விழித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. பிள்ளை இல்லை.

சத்தம் கேட்டது.

அவளுக்குப் பழக்கப்பட்ட சத்தம். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சும் சத்தம். சூசை தவழ்ந்துபோய், பலகை அடித்துக் கிடக்கும் பக்கத்துக் காம்பராவைப் பிரிக்கிற சுவரைப் பிடித்து எழுந்து நின்றிருந்தான். சுவரில் வாயை வைத்திருந்தான். தொண்டை ஏறி இறங்கியது. ஒரு கை சுவரைத் தட்டித் தட்டிக் கொஞ்சியது. அவள் மடியில் கிடந்து குடிக்கும்போது அவள் கழுத்தடியில் தட்டுவானே, அதே மாதிரி.

பாய்ந்து அவனைப் பிடுங்கினாள். அவன் வீறிட்டு அழுதான். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். தரையில் குந்திய ஒருத்தியின் மார்பு உயரத்தில். மழைத்தண்ணீர் கசிகிறது, சுண்ணாம்பு கரைந்து வெள்ளையாக வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரலால் தொட்டாள். நாக்கில் வைத்தாள்.

இனித்தது.

பிள்ளையை இறுக்கிக்கொண்டு எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்தவள் விடியும்வரை கண் மூடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை, நடக்கவில்லை. எப்போதாவது ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறவள் விடும் பெருமூச்சு. றோசலினுக்கு அது நன்றாகத் தெரியும். அவளும் அதைத்தான் விட்டுக்கொண்டிருந்தாள்.

தப்பு அடித்ததும் அவள்தான் முதல் ஆளாக வெளியே வந்தாள். இந்தக் காம்பராவில் பிள்ளையை வைத்திருப்பதைவிட, நாலு பேர் வந்துபோகிற பிள்ளைக்காம்பரா மேல். வேலாயியின் கையைப் பிடித்துக்கொண்டு றோசலின் சொன்னாள்:

"வேலாயி அக்கா, என் கையில தவிர வேற யாரு கையிலயும் புள்ளையக் குடுக்காதீங்க. யாரு கேட்டாலும் சரி."

"ஏன்டி இப்படி நடுங்குற? நான் பாத்துக்கிறேன், நீ போ."

காலை வெயில் வரவே இல்லை. பனி மலையை விழுங்கி, ஆட்களை விழுங்கி, கடைசியில் அவள் முன்னால் இருந்த செடிகளையும் விழுங்கியது. பக்கத்து நிரையில் பேசிக்கொண்டிருந்த பெண்களின் குரல்கள் தூரத்துக்குப் போய்விட்டன. எங்கோ கொழுந்து கிள்ளும் சத்தம். தன் மூச்சின் சத்தம். கிள்ளுவதும் கூடையில் போடுவதுமாகக் கை தன் பாட்டுக்கு ஓடியது. மனம் மட்டும் கீழே இருந்தது.

பனிக்குள்ளிருந்து கங்காணி மாயாண்டி வந்தார். அவளைக் கண்டதும் நின்றார்.

"ஏ றோசலின், எந்த வழியா ஏறி வந்த?"

"நான் எங்கயும் போகலைங்களே கங்காணி."

"வெளையாடுறியா? இப்பத்தானே புள்ளைக்குப் பால் குடுக்கணும்னு கீழ எறங்கிப் போன. என்னை உரசிக்கிட்டுல்ல போன, கம்பளியால தலைய மூடிக்கிட்டு."

கூடை நழுவி விழுந்தது.

ஓடினாள். குறுக்குப் பாதையில், தண்ணீர்க் கான் தாண்டி, கல் தடுக்கி, விழுந்து எழும்பி. செடிகள் காலைக் கிழித்தன. சட்டை நனைந்து ஒட்டியது. பின்னால் கங்காணி கூப்பிட்ட குரல் பனியில் கரைந்தது.

பிள்ளைக்காம்பராவின் தகரக்கூரை. பச்சைப் பூச்சு. அரைக்கதவு.

உள்ளே ஒரு பிள்ளையும் அழவில்லை. தொட்டில்களில் எழுந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒருத்தி, வாசலுக்கு முதுகு காட்டி, குந்தியிருந்தாள். கம்பளி. ஈரம் சொட்டும் கம்பளி. அவள் மடியிலிருந்து சூசையின் இரண்டு கால்கள் தொங்கின.

உறிஞ்சும் சத்தம். விழுங்கும் சத்தம்.

"வேலாயி அக்கா!"

வேலாயி கதவடிக்கு வந்தாள். றோசலினை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண்ணில் அடையாளம் தெரிந்த குறியே இல்லை.

"யாரும்மா நீ? எந்தத் தோட்டம்?"

"அக்கா, நான்தான். றோசலின். என் புள்ளையக் குடுங்க."

வேலாயி பின்னால் திரும்பி மூலையைப் பார்த்தாள். மறுபடி இவளைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. அரைக்கதவின் கொண்டியைப் போட்டாள்.

"றோசலின் உள்ளதானே இருக்கா," என்றாள் மெல்ல. "நீ போயிரு தாயி. புள்ளைங்க இருக்கிற எடம்."

"சூசை!"

உறிஞ்சும் சத்தம் நின்றது. கம்பளி அசைந்தது. பிள்ளையின் தலை மெதுவாக வெளியே வந்தது. உதட்டில் பால். றோசலின் இரண்டு கையையும் கதவுக்கு மேலே நீட்டினாள்.

அவளைப் பார்த்தான்.

வீறிட்டான். மூச்சு அடைத்து, முகம் நீலமாகி, பேயைக் கண்ட பிள்ளை அலறுவதுபோல அலறினான். தலையை அந்த மடிக்குள் புதைத்தான். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. தேயிலைக் கறை படிந்த விரல்கள். அவை அவன் கண்களை மூடின.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அங்க பாக்காத," என்றது றோசலினின் குரல், உள்ளேயிருந்து.

அழுகை அடங்கியது. பிள்ளை மறுபடி குடிக்கத் தொடங்கினான். தொங்கிய கால்களில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, சுகமாக.