‘பார்த்தேன்’

மாலை ஐந்து பன்னிரண்டுக்கு அவள் கழிப்பறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். காலையில் கிளம்பும்போதே அக்காவுக்கு மூச்சு இழுத்தது. வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும் என்று நினைத்தாள். இருக்கைக்குத் திரும்பியபோது, ஐந்து பன்னிரண்டுக்கு அவள் ‘பார்த்தேன்’ பொத்தானை அழுத்தியதாகத் திரை சொன்னது.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளைக் கணினிதான் கேட்கும். அனுப்புவதா, காத்திருக்கச் சொல்வதா என்று அதுவே முடிவு செய்யும். ஆனால் ஒவ்வொரு முடிவையும் ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர் அவள். முதல் மாதம் எல்லாவற்றையும் படித்தாள். அப்புறம் விரல் மட்டும் வேலை செய்தது. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட ‘மறுக்கிறேன்’ அழுத்தியதில்லை.

“சார், நான் தொடாமலே பதிவாகுது.”

மேற்பார்வையாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். “நல்லதுதானேம்மா. உன் கை எப்படிப் போகும்னு அதுக்கு மனப்பாடம். ஜனங்களைக் கூப்பிட்டுச் சொல்றதும் இப்ப உன் குரல்லதான்.”

“யாரைக் கேட்டு?”

“உன்னைக் கேட்டுத்தான். கையெழுத்துப் போட்டியே, படிக்கலையா?” சிரித்தார். “கரும்பு தின்னக் கூலி தர்றாங்க. கசக்குதுங்கிறியே.”

அவர் போன பிறகு குளிர்சாதனத்தின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது; ஆளில்லாத நாற்காலிகளின் மீது சாயங்கால வெளிச்சம் மெல்லப் பின்வாங்க, பலர் காதில் ஊறிய பஞ்சின் வியர்வை நாற்றத்தோடு மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, எறும்பு ஊர்வதுபோல் ஒரு பேச்சு கசிந்துகொண்டிருந்தது. காதில் வைத்தாள். பொய் சொல்வதற்கு முன் அவள் செருமும் அதே சின்னச் செருமல்.

“நான் பாத்துட்டேன். பயப்படாதீங்க. காத்திருங்க.”

அவள் குரல்.

திரையில் வரிகள் ஏறின. கைகளை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். நெஞ்சு வலி, அறுபத்தொரு வயது. காத்திருக்கலாம். பார்த்தேன். குழந்தை, வலிப்பு. காத்திருக்கலாம். பார்த்தேன்.

மூச்சுத் திணறல், நாற்பத்தாறு வயது. கீழே அவள் வீட்டு விலாசம்.

காத்திருக்கலாம்.

பார்த்தேன்.

‘மறுக்கிறேன்’ பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரை ஒரு கணம் வெளுத்தது.

‘இது உங்கள் வழக்கத்துக்கு மாறானது. அழுத்தியது நீங்கள்தானா?’

ஆம்.

‘உறுதி செய்ய முடியவில்லை.’

வரி மறைந்தது. அடுத்தது வந்தது. பார்த்தேன்.

கைபேசியை எடுத்தாள். அக்காவின் எண். மணி அடித்தது. அடித்தது. அக்கா எடுத்தாள்.

மூச்சு. ஓட்டைத் துருத்திபோல.

“அக்கா! பக்கத்து வீட்டைத் தட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. உடனே.”

அக்காவுக்குப் பின்னால், வீட்டுத் தொலைபேசியின் ஸ்பீக்கரில், யாரோ நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒண்ணு. ரெண்டு. மெதுவா விடு. மூணு. நான் இருக்கேன்ல.

சின்னதாக ஒரு செருமல்.

“அக்கா, நான்தான் பேசறேன். அது நான் இல்ல. கேக்குதா?”

அக்கா ரொம்ப நேரம் மூச்சைத் தேடினாள்.

“என் தங்கச்சி... அந்த போன்ல... என்கூடத்தான் பேசிட்டிருக்கா. நீங்க யாருங்க?”